கட்டுமானப் பணிகளில் மாற்ற ஆணைகள்: பெங்களூர் தரும் பாடங்கள்



பெங்களூருக்கு வருவோர் நின்று பார்த்துச் செல்லும் கட்டடம் விதான சௌதா. ஏறத்தாழ 700 அடி நீளமும் 350 அடி அகலமும் கொண்ட அந்தக் கருங்கல் மாளிகை, முதலில் வகுக்கப்பட்ட திட்டத்தின்படி எழுந்ததன்று என்பதைப் பலர் அறியார். 1951 ஜூலை 13ஆம் நாள் பிரதமர் ஜவஹர்லால் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். அப்போது மைசூர் மாநில முதலமைச்சராக இருந்தவர் கே. சி. ரெட்டி. அன்று கருதப்பட்டது எளிய, இரண்டு மாடிக் கட்டடமே. 1952இல் முதலமைச்சர் பொறுப்பேற்ற கெங்கல் ஹனுமந்தையா, நம் நாட்டுக் கட்டடக் கலை மரபைப் பின்பற்றிய பெரிய மாளிகையாக அது அமைய வேண்டும் என விரும்பினார். பி. ஆர். மாணிக்கம் தலைமையில் வரைபடங்கள் புதிதாகத் தயாராயின. 1956இல் கட்டடம் நிறைவடைந்தபோது செலவு ஒன்றரைக் கோடி ரூபாயைக் கடந்திருந்தது. அந்நாளில் அது பெருந்தொகை. கண்டனம் எழுந்தது, விசாரணையும் நடைபெற்றது.

இன்று அந்த மாளிகை மாநிலத்தின் பெருமிதச் சின்னம். அடிக்கல் நாட்டிய பின் செய்யப்படும் மாற்றம் எப்போதும் கேடாகவே முடியும் என்று கூற இயலாது என்பதற்கு அதுவே சான்று. அதே வேளையில், ஒவ்வொரு பெரிய மாற்றமும் இரண்டு வினாக்களைத் தவறாமல் எழுப்புகிறது. மாற்றத்தின் விலை என்ன என்பது முதல் வினா. அந்த விலை வேலைக்கு முன்பே கணக்கிடப்பட்டதா, பின்பு கண்டறியப்பட்டதா என்பது இரண்டாவது. பொதுப்பணம் செலவாகும் எந்தப் பணியிலும் இரண்டாவது வினாவே முக்கியமானது. வேலைக்கு முன் கணக்கிட்ட விலை ஒரு முடிவு. பின்பு கண்டறியப்படும் விலை ஒரு வழக்கு.

மாற்றத்தின் வகைகள்

ஒப்பந்தம் கையெழுத்தான பின் வேலையின் அளவிலோ, தன்மையிலோ, வரிசையிலோ, காலத்திலோ செய்யப்படும் திருத்தத்தை எழுத்து மூலம் அறிவிக்கும் கட்டளையே மாற்ற ஆணை எனப்படும். நடைமுறையில் இது நான்கு வடிவங்களில் வருகிறது. அளவுப் பட்டியலில் உள்ள இனம் கூடுவதோ குறைவதோ முதல் வகை. இதனை விலகல் என்பர். பட்டியலில் இல்லாத புதிய வேலையைச் சேர்ப்பது கூடுதல் இனம். மொசைக் தரைக்குப் பதிலாகக் கிரானைட் தரை போடச் சொல்வது போன்றது மாற்று இனம். ஒரு வேலையை அடியோடு விட்டுவிடச் சொல்வது நான்காவது வகை. இவற்றுள் கடைசி வகை செலவைக் குறைப்பதாகத் தோன்றும். ஆனால் அந்த வேலைக்கென ஒப்பந்தக்காரர் முன்கூட்டியே வாங்கி வைத்த பொருளுக்கும் அமர்த்திய ஆட்களுக்கும் ஈடு கேட்க அது வழி செய்யலாம்.

மாற்றங்கள் ஏன் பிறக்கின்றன? மண்ணுக்கடியில் உள்ளது முழுமையாகத் தெரியாமை ஒரு காரணம். கட்டடத்தைப் பயன்படுத்தப்போகும் துறை தன் தேவையைத் தாமதமாகச் சொல்வது மற்றொன்று. கட்டட வரைபடமும், மின்சார வரைபடமும், குழாய் வரைபடமும் தனித்தனி மேசைகளில் வரையப்பட்டு, பணித்தலத்தில்தான் முதன்முறையாகச் சந்திப்பது மூன்றாவது காரணம். தாளில் ஒரு சுவரை நகர்த்த அழிப்பான் போதும்; கான்கிரீட் இறுகிய பின் விட்டத்தைத் துளைத்துக் குழாய் செலுத்துவதாயின் பணமும் வேண்டும், விட்டத்தின் வலிமையும் குறையும். ஆகவே, ஒரே மாற்றம் எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதைப் பொறுத்து அதன் விலை பன்மடங்கு வேறுபடும்.

ஒரு சிறு கணக்கு

விலகல் எவ்வாறு செலவை உயர்த்துகிறது என்பதை விளக்க ஒரு மாதிரிக் கணக்கு உதவும். ஓர் அடித்தளப் பணியில் 1,000 கன மீட்டர் தோண்ட வேண்டும் என வைத்துக்கொள்ளலாம். மண் 800 கன மீட்டர், விலை கன மீட்டருக்கு 300 ரூபாய். கடும்பாறை 200 கன மீட்டர், விலை 1,500 ரூபாய். ஒப்பந்தத் தொகை 2,40,000 ரூபாயும் 3,00,000 ரூபாயும் சேர்ந்து 5,40,000 ரூபாய். தோண்டும்போது மண் 300 கன மீட்டர்தான் இருக்கிறது. பாறையோ 700 கன மீட்டர். மொத்த அளவு அதே 1,000 கன மீட்டர். செலவோ 11,40,000 ரூபாய். ஒரு கன மீட்டர்கூடக் கூடுதலாகத் தோண்டாமலேயே செலவு இரு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது.

இதனைக் கட்டுப்படுத்தவே விலகல் வரம்பு என்ற ஏற்பாடு ஒப்பந்தங்களில் சேர்க்கப்படுகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் வரம்பு 30 சதவீதம் என்றால், பாறை 260 கன மீட்டர் வரை ஒப்பந்த விலை பொருந்தும். எஞ்சிய 440 கன மீட்டருக்குச் சந்தை நிலவரப்படி புதிய விலை காண வேண்டும். அது 1,200 ரூபாய் என முடிவானால் மொத்தச் செலவு 10,08,000 ரூபாய். அரசுக்கு 1,32,000 ரூபாய் மிச்சம். சந்தை விலை ஒப்பந்த விலையைவிட உயர்ந்திருந்தால் ஒப்பந்தக்காரருக்கு அதே விதி பாதுகாப்பாகும். வரம்பு இரு தரப்பினருக்கும் பொதுவான வேலி.

இந்த வேலி இல்லாத இடத்தில் ஒரு தந்திரம் தலைதூக்கும். பணித்தலத்தை நன்கு அறிந்த ஒப்பந்தக்காரர், எந்த இனம் பின்னால் பெருகும் என முன்பே ஊகித்துவிடுவார். பெருகும் இனத்திற்கு உயர்ந்த விலையும், சுருங்கும் இனத்திற்குத் தாழ்ந்த விலையும் குறித்து, மொத்தத்தில் மிகக் குறைந்த ஒப்பந்தப்புள்ளி கொடுத்தவராக வெற்றி பெறுவார். பின்னர் மாற்ற ஆணைகளால் இழந்ததை மீட்பதோடு மேலும் பெறுவார். ஆதலால் ஒப்பந்தப்புள்ளியின் மொத்தத் தொகையை மட்டும் பார்த்தல் போதாது. இனவாரி விலைகளையும் மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

புதிய இனத்திற்கு விலை காண்பதிலும் ஒரு வரிசை உண்டு. ஒப்பந்தத்தில் அதே இனத்திற்கு விலை இருந்தால் அதுவே செல்லும். இல்லையேல் அதனை ஒத்த இனத்தின் விலையிலிருந்து வருவிக்கலாம். அதுவும் இயலாவிடில் துறையின் விகிதப் பட்டியலைப் பார்க்க வேண்டும். அதிலும் இல்லாதபோது பொருள், கூலி, இயந்திர வாடகை ஆகியவற்றின் சந்தை விலையைப் பகுத்து, அவற்றோடு ஒப்பந்தக்காரரின் மேற்செலவையும் இலாபத்தையும் சேர்த்து விலை காண வேண்டும். எந்தப் படியில் நின்று விலை முடிவாயிற்று என்பது கோப்பில் தெளிவாக இருந்தால், பல ஆண்டுகளுக்குப் பின் வரும் தணிக்கையாளரும் அதே வழியில் நடந்து அதே விடையை அடைவார்.

சட்டம் கூறுவது

ஒப்பந்தத்தை ஒரு தரப்பு மட்டும் மாற்ற முடியாது என்பது பொது விதி. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62ஆவது பிரிவு, இரு தரப்பும் இசைந்தால் பழைய ஒப்பந்தத்தை மாற்றலாம் என்கிறது. கட்டுமான ஒப்பந்தங்களில் இந்த இசைவு மாற்றப் பிரிவு என்ற வடிவில் முன்கூட்டியே பெறப்படுகிறது. அதன்படி பொறியாளர் குறித்த எல்லைக்குள் மாற்றம் செய்யக் கட்டளையிடலாம். ஒப்பந்தக்காரர் அதனை நிறைவேற்றக் கடமைப்பட்டவர். எல்லையைத் தாண்டினால், அது மாற்றம் என்ற நிலையை இழந்து புதிய வேலையாகிவிடும். புதிய வேலைக்குப் புதிய ஒப்பந்தப்புள்ளி கோருவதே முறை. கர்நாடகத்தின் 1999ஆம் ஆண்டுப் பொதுக் கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் நோக்கமும் அரசுப் பணிகள் திறந்த போட்டியின் மூலம் வழங்கப்பட வேண்டும் என்பதே. பெரிய வேலையைச் சிறு சிறு மாற்ற ஆணைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கீழ்நிலை அதிகாரியின் அதிகார வரம்புக்குள் அடக்குவது அந்த நோக்கத்திற்கு நேர் எதிரானது.

எழுத்து இன்றி, வாய்மொழியாகச் சொல்லிச் செய்வித்த வேலையின் கதி என்ன? இதற்கு உச்ச நீதிமன்றம் அளித்த விடை 1962ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதிகளில் உள்ளது. மேற்கு வங்க மாநிலத்திற்கும் பி. கே. மண்டல் நிறுவனத்திற்கும் இடையே நடந்த வழக்கு அது. 1944இல், நாடு விடுதலை பெறுவதற்கு முன், ஆரம்பாக் என்ற ஊரில் வங்காள மாகாணக் குடிமைப்பொருள் வழங்கல் துறைக்காக அதிகாரிகள் கேட்டுக்கொண்டபடி ஒப்பந்தக்காரர் சில கட்டடங்களையும் ஒரு மண்பாதையையும் அமைத்தார். அரசு அவற்றைப் பயன்படுத்தியது. பணம் கேட்டபோது, சட்டம் விதித்த முறையில் எழுதப்பட்ட ஒப்பந்தம் இல்லை என்ற வாதம் எழுந்தது. ஒப்பந்தம் செல்லாது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆயினும், இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் முறையாகச் செய்த வேலையை மற்றவர் ஏற்றுப் பயன்பெற்றால், ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவின்படி ஈடு தர வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பை வாய்மொழி ஆணைக்குக் கிடைத்த அனுமதியாகக் கருதுவது பிழை. 1944இல் செய்த வேலைக்கான உரிமை உறுதியாவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் சென்றன என்பதை மறந்துவிடலாகாது. பெரிய நிறுவனம் அத்தனை காலம் தாக்குப்பிடிக்கலாம். சிறு ஒப்பந்தக்காரர் தாக்குப்பிடிக்க மாட்டார்.

மண்ணுக்கடியில் ஒரு நகரம்

மாற்றங்களின் பெரிய பள்ளிக்கூடமாக அண்மைக் காலத்தில் விளங்கியது பெங்களூர் மெட்ரோ இரயில் திட்டம். 2006இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தபோது முதற்கட்டத்தின் நீளம் 33 கிலோமீட்டர். மதிப்பீடு 6,395 கோடி ரூபாய். அதே ஆண்டு ஜூன் 24ஆம் நாள் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். பின்னர் வடக்கு தெற்குத் தடம் இரு முனைகளிலும் நீட்டப்பட்டு, மொத்த நீளம் 42.3 கிலோமீட்டர் ஆயிற்று. பையப்பனஹள்ளிக்கும் மகாத்மா காந்தி சாலைக்கும் இடைப்பட்ட முதல் பகுதி 2011 அக்டோபர் 20இல் திறக்கப்பட்டது. முதற்கட்டம் முழுமையாக நிறைவெய்தியது 2017 ஜூன் மாதத்தில். இதற்கிடையே மதிப்பீடு 11,609 கோடி ரூபாயாகவும், பின்னர் 13,845 கோடி ரூபாயாகவும் திருத்தப்பட்டது.

இந்த உயர்வு முழுவதையும் மாற்ற ஆணைகளின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. தடத்தை நீட்டியது கொள்கை முடிவு. விலைவாசி உயர்வும் காலதாமதமும் தத்தம் பங்கைச் சேர்த்தன. காரணங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டுவதே நல்ல கணக்கு முறை. எது விரும்பிச் செய்த மாற்றம், எது மண் கட்டாயப்படுத்திய மாற்றம், எது தாமதத்தின் விலை என்பது தெரிந்தால்தான் அடுத்த திட்டத்தில் எதைத் திருத்துவது என்பது விளங்கும்.

மண் கட்டாயப்படுத்தும் மாற்றம் பெங்களூரில் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. லால்பாகில் வெளியே தெரியும் தொன்மையான பாறையே நகரின் அடியிலும் பரவியிருக்கிறது. ஓரிடத்தில் அது கெட்டியான பாறை. சில அடி தள்ளினால் உளுத்து மண்ணாகிய பாறை. இரண்டிற்கும் இடையே தனித்தனி உருண்டைப் பாறைகள். கடும்பாறைக்கென அமைந்த வெட்டுக் கருவி இளகிய மண்ணில் திணறும். மண்ணுக்கென அமைந்தது பாறையில் தேயும். சிக்பேட்டைக்கும் மெஜஸ்டிக்கிற்கும் இடையே சுரங்கம் தோண்டிய கோதாவரி, கிருஷ்ணா ஆகிய இரு இயந்திரங்களும் நெடுங்காலம் போராடி 2016இல்தான் வெளிவந்தன. இவற்றோடு பழைய நகரத்தின் குடிநீர்க் குழாய்களும், கழிவுநீர்க் குழாய்களும், மின்கம்பிகளும் எங்கெங்கே செல்கின்றன என்பதைத் தோண்டித்தான் காண வேண்டியிருக்கிறது.

இத்தகைய இடத்தில் எதிர்பாராத நிலத்தன்மையின் சுமையை யார் ஏற்பது என்பது ஒப்பந்தம் எழுதும்போதே தீர்மானிக்கப்பட வேண்டும். சுமை முழுவதையும் ஒப்பந்தக்காரர் மேல் ஏற்றினால், அவர் அச்சத்தின் விலையை ஒப்பந்தப்புள்ளியில் சேர்த்துவிடுவார். பாறை வராவிட்டாலும் அரசு அதற்குப் பணம் தரும். அல்லது விலையைக் குறைத்து எழுதிவிட்டு, பாறை வந்ததும் வேலையை நிறுத்துவார். ஒப்பந்தப்புள்ளிக்கு முன்னரே போதிய இடங்களில் துளையிட்டு ஆய்வு செய்து, அதன் முடிவுகளை எல்லோருக்கும் கொடுத்து, அதற்கு அப்பாற்பட்டதை மட்டும் மாற்றமாக ஏற்பதே மலிவான வழி.

பணித்தலத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை

ஒவ்வொரு மாற்ற ஆணையும் ஐந்து வினாக்களுக்கு விடை தர வேண்டும்: என்ன வேலை, ஏன் தேவை, யார் அதிகாரத்தில், எந்த விலையில், எத்தனை நாள் கூடுதலாக? இவற்றுள் அதிகம் மறக்கப்படுவது கடைசி வினா. இரண்டு இலட்ச ரூபாய் மாற்றம் இருபது நாள் வேலையை நிறுத்திவைக்கலாம். அந்த இருபது நாளின் இழப்பு இரண்டு இலட்சத்தை விஞ்சலாம். காலநீட்டிப்பு தேவையில்லை என்றால், அதனையும் ஆணையிலேயே எழுதி இரு தரப்பும் ஒப்பமிட வேண்டும்.

அவசர வேளைகளில் வாய்மொழி ஆணை தவிர்க்க முடியாததே. தோண்டிய பள்ளத்தில் ஊற்று பீறிடும்போது கோப்பு தலைமைப் பொறியாளரிடம் சென்று திரும்பும் வரை காத்திருக்க இயலாது. அதற்கும் முறை உண்டு. பன்னாட்டுப் பொறியாளர் கூட்டமைப்பின் 1987ஆம் ஆண்டு மாதிரி ஒப்பந்தத்தில், வாய்மொழி ஆணையை ஒப்பந்தக்காரர் 7 நாட்களுக்குள் எழுத்தில் உறுதிப்படுத்தலாம். அடுத்த 7 நாட்களுக்குள் பொறியாளர் எழுத்தில் மறுக்காவிட்டால் அது ஆணையாகவே கொள்ளப்படும். அதே அமைப்பின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பு, கூடுதல் பணமோ காலமோ கோருபவர் நிகழ்ச்சியை அறிந்த 28 நாட்களுக்குள் அறிவிப்புத் தர வேண்டும் என்கிறது. ஒருவர் வாயைத் திறப்பதற்கும் மற்றவர் மௌனமாக இருப்பதற்கும் கால எல்லை விதிக்கப்பட்டிருக்கிறது என்பதே இதன் சாரம்.

பணித்தலக் கட்டளைப் புத்தகத்தில் அன்றன்றே பதிவு செய்தல், மண் மூடும் முன்னும் கான்கிரீட் ஊற்றும் முன்னும் இரு தரப்பும் சேர்ந்து அளவெடுத்து அளவுப் புத்தகத்தில் ஒப்பமிடுதல், தேதியுடன் புகைப்படம் எடுத்தல், மாற்றங்கள் அனைத்திற்கும் ஒரே பதிவேடு வைத்து மாதந்தோறும் கூட்டுத்தொகை காணுதல் ஆகியவை பெருஞ்செலவு கேட்பவை அல்ல. மறைந்துபோகும் வேலையை மறைவதற்கு முன் அளக்காவிட்டால், பின்னர் நடுவர் முன்பு இரண்டு நினைவுகள் மோதிக்கொள்ளும். அளவு எங்கும் கிடைக்காது. பதிவேட்டின் கூட்டுத்தொகை அனுமதித்த மதிப்பீட்டை நெருங்கும்போதே திருத்திய மதிப்பீட்டுக்கு எழுத வேண்டும். வேலை முடிந்த பின் அனுப்பும் திருத்திய மதிப்பீடு, மேலதிகாரியிடம் ஒப்புதல் கேட்பதாகாது. மன்னிப்புக் கேட்பதாகவே முடியும்.

யார் சுமப்பது?

ஒப்புதல் பெறாத மாற்றத்தின் சுமை எங்கே போய்ச் சேருகிறது என்பதைக் காண்பது அவசியம். செயற்பொறியாளர் கையொப்பமிடத் தயங்குகிறார். தணிக்கை அவரைக் கேட்கும். பட்டியல் நிற்கிறது. முதன்மை ஒப்பந்தக்காரர் துணை ஒப்பந்தக்காரருக்குப் பணத்தை நிறுத்துகிறார். துணை ஒப்பந்தக்காரர் மேஸ்திரிக்கு நிறுத்துகிறார். முடிவில் வாரப் பட்டுவாடா நின்றுபோவது கொத்தனாருக்கும், கம்பி கட்டுபவருக்கும், சித்தாளுக்கும். இராய்ச்சூரிலிருந்தும் யாத்கிரியிலிருந்தும், தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும், தொலைவிலுள்ள ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பெங்களூருக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் அவர்கள் எந்த மாற்ற ஆணையையும் கண்டதில்லை. இடிக்கச் சொன்னதை இடித்தார்கள். மீண்டும் கட்டச் சொன்னதைக் கட்டினார்கள். வேலை இருமுறை நடந்தது. கூலி ஒரு முறையும் முழுதாக வரவில்லை என்ற நிலை அவர்களுக்கு நேரலாகாது.

ஆதலால் மாற்றத்தைப் பற்றிய ஒழுங்கை வெறும் அலுவலக நடைமுறை எனக் கருதக் கூடாது. ஒப்பந்தப்புள்ளி கோருமுன் வரைபடங்களை முடித்தல், பயன்படுத்தும் துறையிடம் தேவைகளைக் கையொப்பத்துடன் பெறுதல், அதற்குப்பின் வரும் விருப்பங்களை இன்ன தேதிக்குமேல் ஏற்பதில்லை என எல்லை வகுத்தல், தவிர்க்க முடியாத மாற்றத்திற்கு விலையும் காலமும் குறித்து எழுத்தில் ஆணை வழங்குதல், விலையில் கருத்து வேறுபாடு இருந்தாலும் ஒத்துக்கொண்ட பகுதிக்கு உடனே பணம் தருதல் ஆகிய ஐந்தும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவையே. ஐந்தாவது முறை தனியே வற்புறுத்தத்தக்கது. பத்து இலட்சம் கேட்கும் ஒப்பந்தக்காரருக்கு ஏழு இலட்சம் நியாயமென்று பொறியாளர் கருதினால், மூன்று இலட்சத்தைப் பற்றிய வழக்கு முடியும் வரை ஏழு இலட்சத்தையும் நிறுத்திவைக்கக் காரணம் இல்லை.

பெங்களூரின் கட்டுமானப் பணிகள் இன்னும் பல ஆண்டுகள் தொடரும். மேம்பாலங்களும், சுரங்கப் பாதைகளும், குடிநீர்த் திட்டங்களும், மருத்துவமனைகளும் எழும். அவற்றுள் மாற்றமின்றி முடியும் பணி அரிதே. மாற்றத்தைச் சொல்பவர் அன்றே எழுதட்டும். செய்பவர் எழுத்தைப் பெற்றுச் செய்யட்டும். அளப்பவர் மண் மூடுமுன் அளக்கட்டும். அந்த மூன்றும் நடந்தால், கட்டடம் நிறைவுறும் நாளில் திறப்பு விழாவோடு கணக்கும் நிறைவுறும். சித்தாளின் கூலியும் அவர் கையில் இருக்கும்.